முகிற்காட்டில் கொய்னா மரம் தேடியவர்கள்

உதகமண்டலத்திலிருந்து கூடலூருக்கு இறங்கும் மலைச்சாலையில் நடுவட்டம் என்னும் சிற்றூர் உள்ளது. இன்று அதன் சரிவுகளில் பெரும்பாலும் தேயிலையே காணப்படுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே ஓங்கி நின்றவை சிங்கோனா மரங்கள். நம் பாட்டன்மார் ‘கொய்னா’ என்று முகஞ்சுளித்து விழுங்கிய காய்ச்சல் மருந்து அம்மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்பட்டதேயாகும். ஆனைமலையில் வால்பாறைக்கு அருகே சின்கோனா என்றே வழங்கும் ஊரும் உண்டு. ஆயினும் இம்மரம் நம் நாட்டு மரமன்று. தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைத்தொடரின் ஈரமிக்க சரிவுகளே அதன் தாயகம்.

இதனை இங்குக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால், நூல்கள் கிளெமென்ட்ஸ் மார்க்கம், ரிச்சர்ட் ஸ்புரூஸ் ஆகிய இருவரின் பெயர்களைச் சொல்லும். அவ்விடை தவறன்று, முழுமையும் அன்று. காட்டுக்குள் வழிகாட்டி அழைத்துச் சென்றவர், மரத்தை இனங்கண்டவர், விதை பழுக்கும் வரை காத்திருந்தவர் வேறு சிலர். அவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது சிறிதளவே. அச்சிறிதளவையாவது திரட்டிப் பார்ப்பது திருச்சபை வரலாறு பயிலும் நமக்குப் பயன்படும் எனக் கருதுகிறோம்.

முதலில் அக்காடு எத்தகையது என்பதை அறிதல் வேண்டும். ஆண்டீஸ் மலைச் சரிவுகளில் ஒரு குறிப்பிட்ட உயரத்தில், தாழ்நிலத்திலிருந்து எழும் ஈரக்காற்று குளிர்ந்து முகிலாகி மரங்களின் மேலேயே படிகிறது. மழை பெய்யாத நாளிலும் இலைகள் சொட்டிக்கொண்டிருக்கும். கிளைகளில் பாசியும் பெரணியும் ஆர்க்கிட் செடிகளும் அடர்ந்து தொங்கும். நீலகிரிச் சோலைகளில் தென்மேற்குப் பருவக்காற்றின்போது நடந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் ஆண்டீஸில் சரிவுகள் மிகச் செங்குத்தானவை. காடும் பன்மடங்கு பெரிது. சிங்கோனா அங்கே தோப்பாக வளர்வதில்லை. பிற மரங்களுக்கிடையே தனித்தோ, சிறு சிறு கூட்டமாகவோ நிற்கும். ஒரே மலையில் நிற்கும் இருவகைச் சிங்கோனாக்களில் ஒன்றன் பட்டை மருந்துச் சத்து நிறைந்ததாகவும், மற்றொன்றன் பட்டை ஏறக்குறைய வெறும் கட்டையாகவும் இருக்கக்கூடும். இலையைப் பார்த்து இவ்வேறுபாட்டை உணர்வது தேர்ந்த தாவர அறிஞருக்கும் எளிதன்று. தேடியவர்களின் இடர்ப்பாடுகளெல்லாம் இதிலிருந்தே பிறந்தன.

இப்பட்டை ஐரோப்பாவுக்குச் சென்ற வரலாற்றில் சமயப் பூசலும் கலந்துள்ளது. பெரு நாட்டு ஆளுநரின் மனைவியான சிஞ்சோன் சீமாட்டி இப்பட்டையால் காய்ச்சல் நீங்கி, அதனை ஸ்பெயினுக்குக் கொண்டுசென்றாள் என்றொரு கதை 1663ஆம் ஆண்டு இத்தாலியில் வெளியான ஒரு நூலின் வாயிலாகப் பரவியது. லின்னேயஸ் அக்கதையை நம்பி அச்சீமாட்டியின் பெயரையே மரத்திற்குச் சூட்டினார். சூட்டும்போது ஓர் எழுத்தையும் விட்டுவிட்டார். அக்கதைக்கு அடிப்படை இல்லை என்பது 1941இல் வெளியான ஆய்வினால் தெளிவாயிற்று. பட்டையை உரோமாபுரிக்கு அனுப்பிவந்தவர்கள் லீமா நகரத்து இயேசு சபையார். கர்தினால் தெ லூகோ அதனை அங்கே ஏழைகளுக்கு வழங்கினார். ஆகவே அதற்கு ‘இயேசு சபையார் தூள்’ என்றே பெயர் வழங்கலாயிற்று.

அப்பெயர் சீர்திருத்தச் சபையார் வாழ்ந்த நாடுகளில் அம்மருந்திற்குப் பெருந்தடையாக இருந்தது. இங்கிலாந்தில் பலர் அதனை ஐயுற்றனர். ஆலிவர் கிராம்வெல் அதை உட்கொள்ள மறுத்தே உயிர்நீத்தார் என்ற செய்தி அடிக்கடி எழுதப்படுகிறது. அதற்குச் சமகாலச் சான்று காணப்படாமையால் நாம் அதனை ஏற்பதற்கில்லை. ஆனால் இராபர்ட் டால்பர் என்பவரின் செயல் ஐயத்திற்கு இடமற்றது. அவர் 1672இல் வெளியிட்ட நூலில் இயேசு சபையார் தூளைக் குறித்து மக்களை எச்சரித்தார். தாம் கொடுத்த மறைமருந்திலோ அதே பட்டையைக் கலந்திருந்தார். இரண்டாம் சார்லஸ் மன்னர் அம்மருந்தால் நலம்பெற்றார். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி விலைகொடுத்து வாங்கிய அந்த இரகசியம் டால்பரின் மறைவுக்குப்பின் 1682இல் வெளிவந்தபோதுதான், தாங்கள் விழுங்கியது எது என்பது மக்களுக்குத் தெரிந்தது. மருந்து யார் கையிலிருந்து வந்தது என்பதை முதலில் கேட்கும் வழக்கம் நம் சபைகளில் இன்றும் அடியோடு ஒழிந்துவிடவில்லை.

இயேசு சபையாருக்கு இதனைக் கற்பித்தவர் யார்? 1730களில் தென் அமெரிக்கா சென்ற பிரெஞ்சு அறிஞர் குழுவைச் சேர்ந்த ஜோசப் தெ ஜுஸ்யூ, லோகா பகுதியிலுள்ள மலகாட்டோஸ் என்னும் ஊரின் பழங்குடிகளே முதலில் அறிந்து கூறியவர்கள் என எழுதிவைத்தார். பிற்காலத்துப் பயணிகள் சிலர், பழங்குடியினர் இம்மருந்தை உட்கொள்வதே இல்லை என்றனர். இவ்விரு சான்றுகளும் முரண்படுவதுபோல் தோன்றினும், ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். ஐரோப்பியரும், அவர்கள் அடிமைகளாகக் கொணர்ந்த ஆப்பிரிக்கருமே மலேரியாவின் கொடிய வகையை அக்கண்டத்திற்குக் கொண்டுவந்தனர் என்பது அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. மேலும், குளிர்ந்த முகிற்காட்டில் அந்நோய் பரவுவதில்லை. நோய் தாழ்நிலத்தில், மருந்து மலைமுகட்டில். எனவே மலைவாழ் மக்கள் பட்டையின் பிற குணங்களை அறிந்திருந்தும், அதனைக் கொண்டு மலேரியாவைத் தீர்க்கும் தேவை அவர்களுக்கு இல்லாதிருந்திருக்கலாம்.

பட்டை உரிப்போரைக் ‘காஸ்கரியேரோ’ என்று ஸ்பானிய மொழியில் அழைத்தனர். 1840களில் பொலிவியாவில் சுற்றிய பிரெஞ்சுத் தாவர அறிஞர் வெட்டல் அவர்களது தொழிலைக் கூர்ந்து கவனித்து 1849இல் நூலாக வெளியிட்டார். அவர்களுள் காட்டை நன்கறிந்தவருக்குப் ‘பிராக்டிகோ’ என்று பெயர். அவர் முகட்டிலோ உயர்ந்த மரத்திலோ ஏறி நின்று, எதிர்ச் சரிவில் அலையாய் விரிந்த பசுமையை நெடுநேரம் நோக்குவார். இலைகளின் நிறத்திலும், காற்றசையும்போது அவை ஒளிரும் விதத்திலும் உள்ள சிறு வேறுபாட்டைக் கொண்டு, இன்ன இடத்தில் சிங்கோனாக் கூட்டம் உள்ளதென அறிவார். பின்னர் வழியற்ற காட்டில் அவ்விடத்தை நோக்கி வெட்டிக்கொண்டு செல்வர். தரையிற் கிடக்கும் உலர்ந்த இலை ஒன்றேகூட மரம் அருகில் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். மரத்தை வீழ்த்தினாலும், கொடிகள் பின்னிப் பிணைந்திருப்பதால் அது சாயாமல் அந்தரத்தில் நிற்பதுண்டு. உரித்த பட்டையை முதுகிற் சுமந்தே வெளிக்கொணர வேண்டும். வழிதவறியவர் திரும்பியதில்லை. இவ்வறிவு எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கப்பட்டதன்று. ஐரோப்பிய அறிஞர் ஒவ்வொருவரும் இதனைக் கூலிக்கு அமர்த்தியே முன்னேறினர். குருவாகத் திருநிலை பெற்றவரும் 1783 முதல் அரச தாவர ஆய்வுப் பயணத்தை நடத்தியவருமான ஹோசே செலெஸ்டினோ மூத்திஸ்கூட, மூலிகை பறிப்போரும் ஓவியருமாகப் பலரை வைத்தே தம் பெரும்பணியை நிறைவேற்றினார்.

1820இல் பாரிசில் பெல்லெட்டியே, கவந்தூ ஆகிய இருவரும் பட்டையிலிருந்து கொய்னாச் சத்தைத் தனியே பிரித்தெடுத்தனர். அதன்பின் தேவை பெருகியது. மரங்கள் கணக்கின்றி வெட்டப்பட்டன. படைவீரரையும் அலுவலரையும் காய்ச்சலுக்குப் பலிகொடுத்துவந்த பிரிட்டிஷ், டச்சு அரசுகள் இம்மரத்தைத் தம் குடியேற்ற நாடுகளில் வளர்க்க விரும்பின. டச்சு அரசுக்காகச் சென்ற ஹாஸ்கார்ல் பொய்ப்பெயரோடு பெரு நாட்டில் நுழைந்தார். அவர் வழியாக ஜாவாவில் மிகுதியாகப் பெருக்கப்பட்ட வகையோ சத்தற்றதாயிற்று.

பிரிட்டிஷ் இந்திய அரசின் முயற்சி 1859இல் மார்க்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தென்பெருவின் கரவாயா காடுகளுக்குத் தாமே சென்றார். எக்குவடோர் நாட்டின் சிவப்புப் பட்டை மரத்தைத் திரட்டும் பொறுப்பு ஸ்புரூஸிடம் விடப்பட்டது. ஸ்புரூஸ் 1817இல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். தாமும் ஆசிரியராக இருந்தவர். பாசிகளையும் ஈரற்செடிகளையும் ஆராய்வதே அவரது உள்ளத்திற்கு உகந்த பணி. 1849 முதல் அமேசான் காடுகளில் அலைந்து, உடல்நலம் குன்றிய நிலையில் ஆண்டீஸை அடைந்திருந்தார். 1860 ஏப்ரல் 29ஆம் நாள் அம்பாட்டோ நகரில் திடீரென அவரது முதுகும் கால்களும் செயலிழந்தன. அதன்பின் வலியின்றி நிமிர்ந்து உட்காரவும் நடக்கவும் அவரால் இயலவில்லை. ஆயினும் ஜூன் மாதத்தில், உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த நாட்டைக் கடந்து, சிம்போராசோ மலையின் மேற்குச் சரிவிலுள்ள லிமோன் என்னும் இடத்தை அவர் சென்றடைந்தார்.

அங்கே பெருமரங்கள் யாவும் முன்பே வெட்டப்பட்டிருந்தன. அடிக்கட்டைகளிலிருந்து தழைத்த இளமரங்களே எஞ்சியிருந்தன. நிலத்திற்கு உரிமை பூண்டவர்களுக்கு 400 டாலர் கொடுத்து, பட்டையைத் தொடுவதில்லை என்ற ஒப்பந்தத்தோடு விதையும் செடியும் எடுக்க ஸ்புரூஸ் இசைவு பெற்றார். பின்னர் வந்துசேர்ந்த தோட்டக்காரர் இராபர்ட் கிராஸ் நாற்றுகளையும் பதியன்களையும் கண்ணுங்கருத்துமாகப் பேணினார். காய்கள் முற்றும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து ஏறத்தாழ 1,00,000 விதைகள் உலர்த்தப்பட்டன. ஆண்டிறுதியில் 637 செடிகளைப் பெட்டிகளில் அடைத்து, ஆற்றில் தெப்பத்தின் வழியே குவயாகில் துறைமுகத்திற்குக் கொண்டுசென்றனர். சுழலிலும் கரைமரங்களிலும் தெப்பம் மோதி அலைக்கழிந்தும் செடிகள் பிழைத்தன. அவற்றோடு கிராஸ் கப்பலேறினார்.

லிமோன் வாழ்வைப் பற்றி ஸ்புரூஸ் குறித்துவைத்த ஒரு செய்தி நம் சிந்தனைக்குரியது. பட்டை உரிக்கும் அவ்வூரார் அப்பட்டை ஐரோப்பாவில் சாயம் காய்ச்சவே பயன்படுகிறதென நம்பியிருந்தனர். காய்ச்சலுக்கு மருந்து என்று அவர் எடுத்துரைத்தபோது, சாயம் காய்ச்சும் இரகசியத்தை மறைக்கவே இந்த அயலார் இப்படிக் கதை சொல்கிறார் என்று அவர்கள் முடிவு செய்தனராம். இதைப் படித்து நகைப்பவர் உளர். நமக்கு நகைப்பு எழவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சுமந்து கொடுத்தவர்களுக்கு, அப்பொருள் எதற்கென்று வாங்கியவர் எவரும் நம்பும்படி சொன்னதில்லை என்பதே இதன் பொருள்.

மார்க்கத்தின் முயற்சி இவ்வளவு நற்பேறு பெறவில்லை. கரவாயாவில் மரியானோ மார்ட்டினெஸ் என்னும் தேர்ந்த காஸ்கரியேரோவின் துணையால் சில நூறு செடிகள் கிடைத்தன. ஆனால் செய்தி பரவி எதிர்ப்புக் கிளம்பவே, அவர் வேறு வழியாக விரைந்து கடற்கரையை அடைய நேர்ந்தது. செங்கடலின் வெப்பத்தில் வாடிய அச்செடிகள் நீலகிரிக்கு வந்தும் பிழைக்கவில்லை. நீலகிரியில் வேரூன்றியது ஸ்புரூஸும் கிராஸும் அனுப்பியதே. 1861இல் எக்குவடோர் அரசு சிங்கோனாச் செடிகளும் விதைகளும் வெளிச்செல்வதைச் சட்டத்தால் தடுத்தது. அதற்குள் அவை போய்விட்டிருந்தன.

இது களவா, கருணையா என்ற கேள்வியை மாணவர் எழுப்புவர், எழுப்பவும் வேண்டும். கொய்னா மலிந்தால் இந்தியாவின் ஏழைகள் காப்பாற்றப்படுவர் என்று மார்க்கம் வாதிட்டார், அவ்வாதம் போலியானதன்று. படையையும் ஆட்சியையும் காப்பதே அரசின் முதல் நோக்கம் என்பதும் பொய்யன்று. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தை இங்கே உவமை காட்டுவோர் உண்டு. அவ்வுவமை முற்றும் பொருந்தாது. ஸ்புரூஸ் விலை கொடுத்தார். விற்றவர் மனமிசைந்தே விற்றார். ஆயினும் விலை பெற்றவர் நிலத்துக்கு உரிமை பூண்டவர். காட்டை அறிந்தவர் நாட்கூலியே பெற்றார். நாபோத் யார் என்பதே இங்குத் தெளிவாக இல்லை.

நீலகிரியில் அரசுத் தோட்டங்களின் மேற்பார்வையாளராயிருந்த மக்கைவர் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் மரங்களைப் பெருக்கினார். மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து கொணரப்பட்ட சீனக் கைதிகள் நடுவட்டத்தில் சிறைவைக்கப்பட்டுத் தோட்ட வேலையில் ஈடுபடுத்தப்பட்டனர். விடுதலைக்குப்பின் அவர்களுட் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே குடியமர்ந்ததைத் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார். இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்தபின் துரைமார் சிங்கோனாவை நட்டனர். 1880களின் நடுவில் சந்தையில் பட்டை குவிந்து விலை வீழவே, அதைப் பிடுங்கித் தேயிலை நட்டனர். நட்டவரும் பிடுங்கியவரும் தமிழ்த் தொழிலாளரே. அருட்பணி வரலாற்றிலும் இம்மருந்துக்கு இடமுண்டு. டேவிட் லிவிங்ஸ்டன் கொய்னாவைப் பேதிமருந்தோடு சேர்த்து உருட்டிய மாத்திரைகளைக் கொண்டே ஆப்பிரிக்காவில் பயணம் செய்தார். ஆயினும் அவர் மனைவி மேரி 1862இல் சாம்பசி நதிக்கரையில் காய்ச்சலுக்கே இரையானார்.

நீலகிரியின் சிவப்புப் பட்டையில் கொய்னாச் சத்து அதிகம் இல்லை. சத்து மிகுந்த மரத்தை உலகுக்குத் தந்தவர் பொலிவியாவைச் சேர்ந்த அய்மாரா பழங்குடியினரான மானுவேல் இன்க்ரா மமானி. அவர் சார்லஸ் லெட்ஜர் என்னும் ஆங்கில வணிகரிடம் பணியாளாக இருந்தார். எந்த மரம் மேலானது என்பதை மமானி அறிந்திருந்தார். லெட்ஜர் விதை கேட்டபோது, தாம் தேர்ந்துவைத்த மரங்களை ஆண்டுதோறும் சென்று பார்த்தார். நான்கு ஆண்டுகள் உறைபனி பூவையும் காயையும் கெடுத்தது. ஐந்தாம் ஆண்டு விதை முற்றியது. 1865இல் பல நூறு மைல் கடந்து டாக்னா நகரில் அவ்விதைகளை லெட்ஜரிடம் சேர்த்தார். இலண்டனில் பிரிட்டிஷ் அரசு அவற்றை வாங்க மறுத்தது. டச்சு அரசு ஒரு பவுண்டு விதையைச் சிறுதொகைக்கு வாங்கி ஜாவாவில் விதைத்தது. ஏறத்தாழ 20,000 நாற்றுகள் முளைத்தன. 1870களில் சோதித்தபோது, சில மரங்களின் பட்டையில் பத்து விழுக்காட்டுக்கும் மேற்பட்ட சத்து இருந்தது கண்டு அறிஞர் வியந்தனர். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகின் கொய்னாப் பட்டையில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவிலிருந்தே வந்தது.

மமானி இவற்றுள் எதையும் அறியவில்லை. மீண்டும் விதை சேகரிக்கச் சென்றபோது கொரொய்க்கோ ஊர் அதிகாரியால் சிறைப்பிடிக்கப்பட்டார். யாருக்காக விதை எடுத்தாய் எனக் கேட்டு அடித்தனர், பட்டினி போட்டனர். அவர் சொல்லவில்லை. விடுவிக்கப்பட்ட சில நாட்களில், 1871ஆம் ஆண்டளவில், இறந்தார். இவையெல்லாம் லெட்ஜரின் கடிதங்களால் நாம் அறிவன. மமானி தம் கைப்பட எழுதிய ஒரு வரியும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் ஏன் சொல்லவில்லை? எசமான விசுவாசமா, அஞ்சாமையா, தம் குடும்பத்தைக் காக்கும் எண்ணமா? லெட்ஜர் முதற்காரணத்தையே நம்பினார். எசமான் வேறு எதை எழுதியிருப்பார்?

தாவரவியலார் அம்மரத்திற்குச் ‘சிங்கோனா லெட்ஜெரியானா’ என்று பெயரிட்டனர். லெட்ஜருக்கு 1897இல் டச்சு அரசு ஆண்டுக்கு 100 பவுண்டு ஓய்வூதியம் வழங்கியது. ஸ்புரூஸும் எளிய ஓய்வூதியத்தோடு நோயாளியாகவே வாழ்ந்து 1893இல் மறைந்தார்; அவர் பெயரைச் சுமக்கும் செடிகள் பல உள.

1942இல் ஜப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியதும், நேச நாடுகளுக்குக் கொய்னா வரும் வழி அடைபட்டது. 1943இல் வங்காளத்தில் பஞ்சமும் மலேரியாவும் சேர்ந்து மக்களை மாய்த்தபோது கொய்னா கிடைப்பது அரிதாயிற்று. அமெரிக்க அரசு தாவர அறிஞர்களை மீண்டும் கொலம்பியா, எக்குவடோர், பெரு, பொலிவியா நாடுகளின் முகிற்காடுகளுக்கு அனுப்பியது. அவர்களும் உள்ளூர்ப் பட்டை உரிப்போரின் பின்னாலேயே நடந்தனர். போருக்குப்பின் குளோரோகுயின் போன்ற செயற்கை மருந்துகள் பரவவே, அத்தேடல் ஓய்ந்தது.

இவ்வாய்வை நம் நாட்டுக்கும் நீட்டலாம். தரங்கம்பாடியிலும் பின்னர் வேப்பேரியிலும் பணியாற்றி 1836இல் மறைந்த மிஷனெரி ராட்லர் சேகரித்த தாவரத் தொகுப்பு இங்கிலாந்து சென்று கியூ தோட்டத்தை அடைந்தது. அவருக்குச் செடியின் ஊர்ப்பெயரைச் சொன்னவர் யார், உடன் நடந்தவர் யார், உலர்த்தும் தாளைச் சுமந்தவர் யார் என்று கேட்டு, மிஷன் நாட்குறிப்புகளையும் கணக்கேடுகளையும் புரட்டும் மாணவர் ஒருவர் நமக்குத் தேவை. கூலிக் கணக்கின் ஓரத்தில் ஒரு பெயராவது இருக்கக்கூடும்.